பின் டயர் மாற்றிய பிறகு சக்கரம் ஆடினால்: கோட்டம் எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக முதலில் எழுதிவிடுகிறேன். இதே தொல்லை உள்ள மற்றவர்களுக்கும் உதவும். கம்பி (ஸ்போக்) ரிம்மும் டியூப் டயரும் உள்ள 125 சி.சி. வண்டி. பின்சக்கரத்துக்கு 80/100-18 அளவில் புது டயரும் டியூப்பும் ராமநாதபுரத்தில் ஒரு கடையில் மாட்டினீர்கள். மறுநாள் முதல் 30 கி.மீ. வேகத்திலிருந்து 45 வரை வண்டியின் பின்பாகம் இடமும் வலமுமாக ஆடுகிறது. 60ஐத் தாண்டினால் குறைந்ததுபோல் இருக்கிறது. பாம்பன் பாலத்தில் மட்டும் எந்த வேகத்திலும் பயமாக இருக்கிறது. டயர் மாட்டிய கடையில், புது டயர் அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று சொல்லிக் காற்றைச் சற்றுக் குறைத்து அனுப்பிவிட்டார்கள். உச்சிப்புளியில் பார்த்த மெக்கானிக் ரிம் கோட்டமாகிவிட்டது, கம்பி செட்டையே மாற்ற வேண்டும் என்கிறார். வாரத்தில் சில நாள் இதே வண்டியில் மீன் பெட்டியும் கட்டிப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள் என்பதே என் பதில். ஓட ஓடச் சரியாவது புது டயரின் வழுவழுப்பு மட்டும்தான், ஆட்டம் அல்ல. கம்பியைத் தொட்டுக் கோட்டம் எடுப்பதும், அதாவது கம்பிகளை இறுக்கித் தளர்த்தி ரிம்மை நேராக்குவதும், இப்போது அவசரப்படுவதுதான். முந்தைய நாள் வரை நேராக ஓடிய சக்கரம் டயர் மாற்றிய மறுநாள் ஆடுகிறது என்றால், அந்த வேலையில் எவை எவை கழற்றி மாட்டப்பட்டனவோ அவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டயர், டியூப், ஆக்சில், அதன் இருபுறமும் வரும் புஷ்கள், பிரேக் தட்டு, செயின் அட்ஜஸ்டர் ஆகியவை கைபட்டவை. கம்பிகளை யாரும் தொடவில்லை. டயர் சரியாக உட்காராத சக்கரத்தில் கம்பியை முறுக்கி ஆட்டத்தைக் குறைக்கப் பார்த்தால், நேராக இருந்த ரிம் டயரின் கோணலுக்கு ஏற்ப வளைக்கப்படும்; பிறகு டயரைச் சரியாக உட்கார வைத்தாலும் ரிம் ஆடும். ஒரு குறை இரண்டாகிவிடும். இந்த வரிசைப் பிசகுதான் இத்தகைய வேலைகளில் அதிகச் செலவு வைக்கிறது.

சோதனைக்கு முன் ஓர் எச்சரிக்கை. அடுத்த முறை வண்டியை எடுப்பதற்குள் இரண்டு இடங்களைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஒன்று, பின் ஆக்சில் நட்டு இறுகியிருக்கிறதா, அதற்கு ஸ்ப்ளிட் பின் போடும் வகையானால் பின் இருக்கிறதா என்பது. மற்றொன்று, பின் பிரேக் தட்டைச் சுழலவிடாமல் ஸ்விங் ஆர்மோடு (பின்சக்கரத்தை இருபுறமும் தாங்கி மேலும் கீழும் அசையும் கையோடு) பிடித்து வைக்கும் டார்க் ராடு. டிரம் பிரேக் வண்டியில் சக்கரத்தைக் கழற்றும்போது அந்த ராடின் போல்ட்டையும் கழற்றுவார்கள். திரும்ப மாட்டும்போது நட்டை விரலால் திருகிவிட்டு மறந்துபோவது உண்டு. அது கழன்றால், பிரேக் மிதித்த கணத்தில் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று, பிரேக் கம்பியை முறுக்கி, பின்சக்கரத்தையே பூட்டிவிடக்கூடும். சில வண்டிகளில் ராடுக்குப் பதிலாக ஸ்விங் ஆர்மில் உள்ள ஒரு முனை பிரேக் தட்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும்; அது பள்ளத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இவை சரியாக இல்லாவிட்டால் மற்றதெல்லாம் அப்புறம்.

இனி ஆட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். உங்கள் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீட்டர். மணிக்கு 36 கி.மீ. என்பது நொடிக்கு 10 மீட்டர். ஆகவே அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஐந்து சுற்றுக்குச் சற்று மேல் சுழலும். டயர் ஓரிடத்தில் பக்கவாட்டில் விலகியிருந்தால், நொடிக்கு ஐந்து முறை அது வண்டியின் பின்பாகத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பும். அந்தத் தாளத்தை உடம்பு தெளிவாக உணரும். இருக்கையில் இடுப்புக்குக் கீழே யாரோ அசைப்பது போலிருக்கும். வேகம் கூடினால் தள்ளல் நொடிக்கு எட்டு, ஒன்பது முறையாகிவிடும். வண்டியின் எடை அதற்கு ஈடுகொடுத்து முழுவதும் அசைய நேரம் இராது. ஆட்டம் மங்கி வெறும் அதிர்வாகிவிடும். குறைந்த வேகத்தில் தெரிந்து, வேகம் கூடினால் மறைவதாக நீங்கள் சொல்வது இந்த வகைக்குப் பொருந்துகிறது.

சமநிலைக் குறை, அதாவது கடைகளில் பேலன்சிங் என்று சொல்லிச் சின்ன ஈயத்துண்டு ஒட்டும் விஷயம், இதற்கு நேர் எதிரானது. அதன் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். ரிம்மின் ஓரத்தில் 30 கிராம் கூடுதல் எடை ஓரிடத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், 36 கி.மீ. வேகத்தில் அது சக்கரத்தை இழுக்கும் விசை முக்கால் கிலோவுக்கும் குறைவு, 72 கி.மீ. வேகத்தில் அதுவே நான்கு மடங்காகி மூன்று கிலோவை நெருங்கும். ஆகவே பேலன்சிங் குறை வேகத்தில்தான் பேசும், அதுவும் பக்கவாட்டு ஆட்டமாக அல்லாமல் மேலும் கீழுமான துடிப்பாக. 40இல் ஆடி 60இல் அடங்கும் வண்டிக்குப் பேலன்சிங் செய்யக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வேகத்தோடு தொடர்பில்லாமல், வளைவில் திரும்பும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் பின்பக்கம் விலகி ஓடுவதுபோல் இருந்தால் அது மூன்றாவது வகை. அங்கே பேரிங்கையும் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷையும் தேட வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது பீடிங். டயரின் இரு விளிம்புகளிலும் உள்ளே எஃகுக் கம்பி வளையம் வைத்துக் கட்டிய தடித்த பகுதியைத்தான் பீடிங் என்கிறோம். டயர் ரிம்மில் உட்காருவது இந்த இடத்தில். பீடிங் ரிம்மின் ஓரத்து மேட்டில் சுற்றிலும் ஒரே சீராக ஏறி அமர்ந்தால்தான் டயர் வட்டமாகவும் நேராகவும் ஓடும். ஓரிடத்தில் மட்டும் ஏறாமல் ரிம்மின் உட்பள்ளத்துப் பக்கம் தங்கிவிட்டால், அந்த இடத்தில் டயர் உள்ளே அமுங்கியும் ஒருபக்கம் சாய்ந்தும் நிற்கும். காற்று நிற்கும், கசியாது, வண்டியும் ஓடும்; ஆட்டம் மட்டும் இருக்கும். டியூப் டயரில் இது இன்னும் ஏமாற்றும், ஏனெனில் காற்றைப் பிடிப்பது டியூப். டியூப்லெஸ் டயரிலாவது பீடிங் சரியாக உட்காராவிட்டால் பெரும்பாலும் காற்று இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க டயர் செய்தவர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். டயரின் பக்கச்சுவரில், ரிம் விளிம்புக்குச் சற்று மேலே, சுற்றிலும் மெல்லிய மேட்டு வரி ஒன்று ஓடும். வண்டியை டபுள் ஸ்டாண்டில் போட்டு, பகல் வெளிச்சத்தில், சக்கரத்துக்கு நேராகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றியபடி அந்த வரியையும் ரிம் விளிம்பையும் மட்டும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் வரி ரிம்முக்குள் இறங்கி மறைந்தாலோ, அதற்கு எதிர்ப்புறத்தில் அதிகம் வெளியே தெரிந்தாலோ, பீடிங் உட்காரவில்லை. புது டயரில் இந்த வரி நன்றாகத் தெரியும்; சேறும் மணலும் ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். செயின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அங்கே செயின் கவர் மறைப்பதால் கடையில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை, குறையும் பல நேரம் அங்கேதான் இருக்கிறது. வால்வு இருக்கும் இடத்தையும் தனியாகப் பாருங்கள்: டியூப்பின் வால்வு அடிப்பாகம் பீடிங்குக்கும் ரிம்முக்கும் இடையே சிக்கிக்கொண்டால் அந்த இடத்தில் டயர் உட்காராது. மாட்டும்போது வால்வை ஒருமுறை உள்ளே தள்ளிவிட்டு மறுபடி இழுப்பது அதற்காகத்தான். அவசரத்தில் அது விடுபடும்.

நம் கரையோரத்தில் இந்தக் குறை அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. கடற்காற்று உலோகத்தை எவ்வளவு வேகமாக அரிக்கும் என்று அளப்பதற்காகவே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் ஆய்வு நிலையம் வைத்திருக்கிறது. இந்த ஊர்க் காற்றின் குணத்துக்கு வேறு சான்று வேண்டியதில்லை. ரிம்மின் வெளிப்பக்க முலாம் பளபளவென்று இருந்தாலும், டயருக்குள் மறைந்திருக்கும் உட்பக்கத்தில் துரு செதிள் செதிளாக எழும்பியிருக்கும். பீடிங் ஏறி அமர வேண்டிய பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். அது சொரசொரப்பாக இருந்தால் ரப்பர் வழுக்கி மேலேறாமல் பாதியில் பிடித்துக்கொள்ளும். உங்கள் வண்டியில் மீன் பெட்டியும் போகிறது. பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரில் உப்பு உண்டு. அது நேரே பின்சக்கரத்தின் கம்பியிலும் ரிம்மிலும் ஆக்சில் முனையிலும்தான் விழுகிறது. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே நாளில் வாங்கியவையாக இருந்தும் பின்சக்கரம் மட்டும் முதலில் கெடுவதன் காரணம் அது. அலாய் வீல்காரர்களுக்கும் இதிலிருந்து தப்பில்லை: அங்கே துருவுக்குப் பதிலாக வெள்ளைப் பொடியாக அரிப்பு படியும், பீடிங்கும் உட்காராது, காற்றும் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும்.

வரி சீராக இல்லை என்று தெரிந்தால் செய்ய வேண்டிய வேலை சுலபமானது. காற்றை முழுவதும் இறக்கி, வால்வின் உள்பின்னையும் கழற்றிவிட வேண்டும். டயரின் இருபக்க பீடிங்கையும் சுற்றிலும் காலாலோ கையாலோ அமுக்கி ரிம்மின் பள்ளத்துக்குள் தள்ளிவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குறை தெரிந்தாலும் இரண்டையும் தள்ளுங்கள். துரு இருந்தால் டயரை முழுவதும் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எமரித் தாளால் வழவழப்பாக்கி, துடைத்துக் காயவைத்து, ரிம் டேப்பைப் புதிதாக மாற்றிய பிறகு மாட்டுவதே சரி. பிறகு கெட்டியான சோப்புத் தண்ணீரைப் பீடிங்கிலும் ரிம் ஓரத்திலும் சுற்றிலும் தடவ வேண்டும். இந்த இடத்தில் சில கடைகளில் கழிவு ஆயிலையோ மண்ணெண்ணெயையோ தடவுகிறார்கள், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அவை ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும்; காயவும் செய்யாது என்பதால் பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மிலேயே நழுவி டியூப்பின் வால்வைப் பிய்த்துவிடும். சோப்புத் தண்ணீர் மாட்டும்போது வழுக்கும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும்.

காற்றை ஏற்றுவதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. முதலில் கொஞ்சம் ஏற்றி, டயரைச் சுற்றிலும் தட்டி, மறுபடி முழுவதும் இறக்கிவிடுங்கள். டியூப்பில் மடிப்பு இருந்தால் அது இந்த முதல் சுற்றில் நீங்கும். இரண்டாவது முறை ஏற்றும்போது வழக்கமான அளவுக்கு மேலே கொண்டுபோனால்தான் பீடிங் மேட்டில் ஏறும். எவ்வளவு மேலே என்பதற்கு டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தமே எல்லை. கிலோபாஸ்கல் என்று போட்டிருந்தால் 7ஆல் வகுத்தால் ஏறக்குறைய பவுண்டுக் கணக்கு வரும். 280 என்றிருந்தால் 40 பவுண்டு. அதைத் தாண்டிக் காற்றடிக்கச் சொல்லாதீர்கள். ஏற்றும்போது டயர்மேல் குனிந்து நிற்கவும் வேண்டாம். பீடிங் ஏறும்போது டப்பென்று ஓர் ஓசை கேட்கும். டியூப் டயரில் அது மெல்லியதாகவும் இருக்கலாம், ஆகவே காதை நம்பாமல் வரியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சீராக உட்கார்ந்த பிறகு, செயின் கவரிலோ கையேட்டிலோ போட்டிருக்கும் அளவுக்குக் காற்றை இறக்கிக்கொள்ளலாம். உங்கள் கடைக்காரர் செய்தது இதற்கு நேர்மாறு. ஏறாத பீடிங்கை ஏற்றக் காற்றைக் கூட்டியிருக்க வேண்டும், அவர் குறைத்துவிட்டார். அதனால் பக்கச்சுவர் தளர்ந்து ஆட்டம் கொஞ்சம் மெத்தென்று தெரிந்திருக்கும், சரியானதுபோல் ஒரு தோற்றமும் வந்திருக்கும்.

வரி இருபுறமும் சீராகவே இருக்கிறது, ஆனாலும் ஆடுகிறது என்றால் அடுத்த சோதனை ரிம்மையும் டயரையும் பிரித்துப் பார்ப்பது. விலையேறிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் டேக்கையோ தென்னங்குச்சியையோ ஸ்விங் ஆர்மில் இறுகக் கட்டி, அதன் முனை ரிம்மின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வையுங்கள். சக்கரத்தைச் சுற்றுங்கள். முனைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு கூடிக் குறைகிறது என்று பாருங்கள். பிறகு அதே குச்சியை டயரின் பக்கச்சுவருக்கு நேராக வைத்துப் பாருங்கள். கடைசியாக டயரின் நெற்றிக்கு (சாலையைத் தொடும் பகுதிக்கு) மேலே வைத்து மேடுபள்ளத்தைப் பாருங்கள். ரிம் அசையாமல் டயர் மட்டும் விலகினால் குறை டயரிலோ மாட்டியதிலோ இருக்கிறது. ரிம்மும் டயரும் சேர்ந்தே விலகினால் ரிம்மில் இருக்கிறது. ரிம்முக்குப் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் 2 மில்லிமீட்டர் வரை பல நிறுவனங்களின் சர்வீஸ் கையேடுகள் அனுமதிக்கின்றன. கம்பி ரிம் ஒரு மில்லிமீட்டர் அசைவதைக் கண்டு பதற வேண்டாம். டயரின் பக்கச்சுவரில் அச்சு மேடுகளும் எழுத்துகளும் இருப்பதால் சிறு ஏற்றத்தாழ்வு அங்கும் தெரியும். ஒரு சுற்றுக்கு ஒருமுறை, ஒரே இடத்தில், பெரிதாக விலகுவதுதான் குறை.

ரிம் 2 மில்லிமீட்டருக்கு மேல் அசைந்தால் அப்போது உங்கள் உச்சிப்புளி மெக்கானிக் சொன்னதற்கு வருவோம். அப்போதும் கம்பி செட்டை மாற்றும் முன் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் லேசாகத் தட்டிப் பாருங்கள். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மொத்தென்று கேட்கும். இரண்டொரு கம்பி மட்டும் தளர்ந்திருந்தால், டயர் மாட்டும்போது சக்கரத்தைத் தரையில் போட்டு மிதித்ததிலோ, லிவரை ஓரிடத்திலேயே வைத்து நெம்பியதிலோ ஏற்கனவே பலமிழந்த கம்பி இடம்கொடுத்திருக்கலாம். அவற்றை மட்டும் இறுக்கிக் கோட்டம் எடுத்தால் போதும். ரிம் ஓரம் லிவரில் மடங்கியிருந்தால் விரலால் தடவும்போதே தெரியும். துருப்பிடித்த நிப்பிளை (கம்பியை ரிம்மில் பிடித்திருக்கும் சிறு நட்டை) காய்ந்த நிலையில் திருப்பினால் கம்பி நிப்பிளுக்குள்ளேயே முறிந்துவிடும்; முந்தைய நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். நிப்பிள் எதுவுமே அசையவில்லை, கம்பிகள் நடுவில் மெலிந்து துருவேறியிருக்கின்றன என்றால் செட்டாக மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது துருவுக்காகச் செய்யும் செலவு, இந்த ஆட்டத்துக்காக அல்ல என்ற தெளிவோடு செய்யுங்கள்.

ஆக்சிலுக்கு வருவோம். பின் ஆக்சிலின் இருபுறமும் சக்கரத்தை நடுவில் நிறுத்தும் புஷ்கள் வரும். பல வண்டிகளில் இடது, வலது புஷ்களின் நீளம் வேறு. இடம் மாறிப் போட்டால் சக்கரம் ஒருபக்கம் ஒதுங்கும். ஒன்றை விட்டுவிட்டால் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் சக்கரம் பக்கவாட்டில் நகரும். டயருக்கும் ஸ்விங் ஆர்முக்கும் இடையே இருபுறமும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் இது பிடிபடும். பழைய நிலை தெரியாவிட்டால் அதே மாடல் வேறொரு வண்டியின் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுங்கள். ஹப்புக்கு உள்ளே இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே இன்னொரு குழாய் இருக்கும். டயர் மாற்ற அதைக் கழற்ற வேண்டியதில்லை, ஆனால் பேரிங்கும் அன்றே மாற்றப்பட்டிருந்தால் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தக் குழாய் இல்லாமல் ஆக்சிலை இறுக்கினால் பேரிங்கின் உள்வளையங்கள் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கப்பட்டு, புதுப் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும்.

உங்கள் வகை வண்டிகள் பலவற்றில் செயினைக் கழற்றாமலே சக்கரம் வெளியே வந்துவிடும். பற்சக்கரம் தன் சொந்த நட்டில் ஸ்விங் ஆர்மிலேயே நிற்கும். சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது பற்சக்கரத் தட்டின் முனைகள் ஹப்புக்குள் உள்ள ரப்பர்களின் நடுவே முழுவதும் நுழைய வேண்டும். ரப்பர் புரண்டோ மணல் அடைத்தோ இருந்தால் முழுவதும் நுழையாது. ஆக்சிலை இறுக்கும்போது சக்கரம் லேசாகக் கோணிக்கொண்டு நிற்கும். ஹப்புக்கும் பற்சக்கரத் தட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சுற்றிலும் பாருங்கள், ஒரே அளவாக இருக்க வேண்டும். அந்த ரப்பர் நைந்திருந்தால் ஆக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போது டொக்கென்று ஓர் உதை வரும்; அதை ஆட்டம் என்று தவறாக எண்ணுபவர்களும் உண்டு.

செயின் அட்ஜஸ்டர் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் சக்கரம் வண்டியின் போக்குக்குக் கோணலாக நிற்கும். ஆனால் அது தாளத்தோடு ஆடாது. வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஹேண்டில் பாரைச் சற்றுத் திருப்பிப் பிடித்தால்தான் நேராகப் போகும், செயின் ஒருபக்கமாகத் தேயும். ஸ்விங் ஆர்மில் வெட்டியிருக்கும் கோடுகள் இருபுறமும் எப்போதும் ஒத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் நடுவிலிருந்து ஆக்சிலின் நடு வரை ஒரு நூலைப் பிடித்து, இரு பக்கமும் அளந்து ஒப்பிடுவது அதைவிட நம்பகமானது. செயினின் தொய்வு உங்கள் கையேட்டில் எவ்வளவு என்று பாருங்கள். இந்த வகை வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை பொதுவாக வரும்.

புது டயர் பழைய குறையை வெளியே கொண்டுவருவதும் உண்டு. நடுவில் தேய்ந்து தட்டையான டயர் நேரே போவதற்குப் பிடிவாதம் பிடிக்கும். பேரிங்கில் இருந்த சின்ன ஆட்டம் அதில் மறைந்திருக்கும். புது டயரின் நெற்றி உருண்டையாக இருப்பதால் வண்டி லேசாகச் சாயும், மறைந்திருந்தது தெரியும். டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, பின்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து எதிரெதிராக அசையுங்கள். டக்கென்று பிளே தெரிந்தால் பேரிங். அடுத்து சக்கரத்தை விட்டுவிட்டு ஸ்விங் ஆர்மின் பின்முனையைப் பிடித்து இடவலமாக அசையுங்கள். அங்கே பிளே இருந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ். இரண்டையும் கலந்து பார்த்தால் தவறான பாகத்தை மாற்ற நேரும். சக்கரம் கழன்றிருக்கும் வேளையில் பேரிங்கின் உள்வளையத்தில் விரலை விட்டுச் சுற்றுவது இன்னும் நல்லது. மணல் அரைபடுவதுபோல் கரகரவென்றிருந்தால் உப்புநீர் உள்ளே போய்விட்டது. கிரீஸ் வைத்து மூடிவிட்டால் சில வாரம் ஓடும், அவ்வளவுதான். சீலோடு சேர்த்து மாற்றுங்கள்.

டயரைப் பற்றியும் ஒரு பார்வை வேண்டும். பக்கச்சுவரில் சுழலும் திசைக்கான அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கி உருளும் திசையில் இருக்க வேண்டும். தயாரித்த வாரமும் ஆண்டும் நான்கு எண்களாக இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பல ஆண்டு கடையில் கிடந்து இறுகிப்போன டயரின் பீடிங் எளிதில் ஏறாது. டியூப்பின் அளவையும் பாருங்கள். 17 அங்குல டியூப்பை 18 அங்குல டயரில் இழுத்துப் போட்டுவிடுவது நடப்பதுதான், பெரிய டியூப்பைச் சிறியதில் மடித்துத் திணிப்பதும் அப்படியே. புது டயரின் மேல் வழுவழுப்பு போக முதல் நூறு கிலோமீட்டராவது வளைவிலும் பிரேக்கிலும் நிதானம் தேவை, குறிப்பாகத் தனுஷ்கோடிச் சாலையில் மணல் படிந்த இடங்களில்.

பாம்பன் பாலத்தைப் பற்றி. 1988இல் திறக்கப்பட்ட அந்தச் சாலைப்பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல் கடலுக்கு மேலே போகிறது. பக்கக்காற்றுக்கு எந்த மறைப்பும் இல்லை, இணைப்பு இடங்களில் சக்கரம் துள்ளவும் செய்யும். நல்ல வண்டியே அங்கே அசையும். ஆகவே பாலத்தில் வரும் ஆட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். குறை தீர்ந்ததா என்று பார்க்கவும் அங்கே போகாதீர்கள். காற்று அடங்கிய காலை வேளையில், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே போக்குவரத்து இல்லாத நேரான இடத்தில், பெட்டி இல்லாமல், தனியாக, 20இலிருந்து 50 வரை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். கையை ஹேண்டிலிலிருந்து எடுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கும் பெட்டி முன்சக்கரத்தின் எடையைக் குறைத்துத் தானே ஓர் ஆட்டத்தைக் கொடுக்கும். பெட்டியோடு சோதித்தால் எது எதனால் என்று பிரித்தறிய முடியாது. மணலில் இறங்குவதற்காகக் காற்றை இறக்கிவிட்டு அப்படியே தார்ச்சாலைக்குத் திரும்பும் வழக்கம் இருந்தால், அதுவும் இதே ஆட்டத்தைத் தரும்.

பீடிங் வரியைச் சரிசெய்தும், ரிம் நேராக இருந்தும், ஆட்டம் தீரவில்லை என்றால் கடைசியாக ஒரு சோதனை மீதமிருக்கிறது. வால்வுக்கு நேராக டயரின் பக்கச்சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, காற்றை இறக்கி, டயரை ரிம்மின்மேல் பாதிச் சுற்று நகர்த்தி, மறுபடி உட்காரவைத்துக் குச்சி வைத்துப் பாருங்கள். விலகும் இடம் சாக்பீஸ் கோட்டோடு சேர்ந்து நகர்ந்திருந்தால் குறை டயரில். வால்வின் பக்கத்திலேயே நின்றுவிட்டால் ரிம்மில். டயர்தான் என்று உறுதியானால் தயாரிப்புக் குறை என்று வாங்கிய கடை மூலமாக நிறுவனத்துக்கு முறையிடலாம். பில்லையும் பக்கச்சுவரில் உள்ள எண்களையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குச்சிக்கு முன்னால் சக்கரம் சுற்றும்போது விலகுவதை ஒரு சிறு வீடியோவாகவும் எடுங்கள். முடிந்தவரை டயரைக் கழற்றாமல் சக்கரத்தோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், ஏனெனில் கழற்றி மடித்துக் கையில் வைத்திருக்கும் டயரில் இந்தக் குறை யார் கண்ணுக்கும் தெரியாது.